ஆளுக்கு ஒரு சிட்டிகை

எனக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஒரு கரண்டி போதும். என் மனைவி கோப்பித் தூள் அள்ளும் அந்த அலுமினியக் கரண்டியைப் பார்த்தால், கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆன பிறகும் பற்றிக்கொண்டு வருகிறது. கைப்பிடி வளைந்தது, வாய் ஒரு பக்கம் தேய்ந்தது. ஒரு தடவை தலைதட்டி அள்ளுவாள், மறு தடவை கோபுரமாக அள்ளுவாள். கேட்டால் இரண்டும் ஒரு கரண்டிதான் என்பாள்.

நான் கண்டியில் ஒரு பாடசாலையில் இரசாயன ஆய்வுகூட உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருடம் மருந்து நிறுத்தேன், திரவம் அளந்தேன், கண்ணாடிக் குழாய் கழுவினேன். அங்கே ஒரு தராசு இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்போம், பக்கத்தில் நின்று பலமாக மூச்சு விட்டால்கூட அளவு மாறிவிடும். அதோடு அத்தனை வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு “கண்ணளவு”, “கையளவு”, “ஏதோ கொஞ்சம்” என்ற பேச்சையெல்லாம் கேட்டால் காது புளித்துப் போகும். ஆனால் எனக்கு வாய்த்தவளோ அந்த மூன்று சொல்லிலேயே சமையல் முழுவதையும் முடிப்பவள்.

அவள் தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் வரைக்கும் கொழுந்து பறித்தாள். பிறகு கண்டிக்குப் பக்கத்தில் மஹய்யாவையில் என்னுடைய இரண்டு அறை வீட்டுக்கு வந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தோம். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், சண்டை போட ஏராளமான நேரமும்தான்.

அவளுடைய அண்ணன் இன்னும் அந்தத் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் நாலு கோப்பி மரம் நிற்கிறது. பழம் பறித்துக் காயவைத்துக் கொட்டையை எங்களுக்குக் கொடுத்தனுப்புவார். அது எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் மாட்டிய ஒரு பழைய சாக்கில் தொங்கும். தேவைப்படும்போது இவள் இரும்புச் சட்டியில் போட்டு வறுப்பாள். அன்றைக்கு எங்கள் சந்தில் யாரும் எங்களிடம் கோபமாக இருக்க முடியாது. வாசனை அப்படி. வறுத்ததை மில்லில் அரைத்து வந்து தகரப் பேணியில் அடைப்பாள். கொதிக்கிற தண்ணீரில் தூளைக் கொட்டி, மூடி வைத்து, மண்டி இறங்கியதும் துணியில் வடிப்பாள். இவ்வளவுதான் வித்தை. ஆனால் குடித்தவர்கள் இரண்டாம் முறை கேட்காமல் போனதில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

தூளுக்கு அவள் கணக்கு, ஆளுக்கு இரண்டு கரண்டி, மேலே ஒரு சிட்டிகை. சிட்டிகை என்று அவள்தான் சொல்கிறாள். ஐந்து விரலும் கூடி எடுக்கும் அதை நான் சிட்டிகை என்று எழுதுவதே அவளுக்குச் செய்யும் சலுகை. அந்தச் சிட்டிகையை எதற்குப் போடுகிறாய் என்று கல்யாணமான புதிதிலேயே கேட்டேன்.

“அளந்து போட்டுட்டு அப்படியே விட்டா நல்லாவா இருக்கும்? குடிக்கிறவங்களுக்கு எண்ணி ஊத்தின மாதிரி ஆயிருங்க.”

அவள் மட்டும் அல்ல, எங்கள் சந்தில் பாதி வீட்டில் இதே வழக்கம்தான். அரிசியைச் சுண்டு என்கிற சின்ன டின்னால் அளந்து பானையில் போட்ட பிறகு, மேலே ஒரு பிடி தனியாகப் போடுவார்கள். அளவு என்பது கணக்குக்கு, அந்தப் பிடி மரியாதைக்கு. மரியாதைக்கு அளவு கிடையாதாம். ஆய்வுகூடத்தில் இப்படி மரியாதை செய்திருந்தால் நான் என்றைக்கோ கூரையோடு மேலே போயிருப்பேன்.

வீட்டில் ஒரு தராசு இருக்கத்தான் செய்தது. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தபோது, சோற்றை நிறுத்துச் சாப்பிடச் சொன்னார் வைத்தியர். உள்ளங்கை இரண்டு வைக்கும் அளவில், பற்றரியில் ஓடும் சமையல் தராசு ஒன்று வாங்கி வந்தேன். இவள் அதை மூன்று நாள்கூட மேசையில் விடவில்லை. சோற்றை நிறுத்துப் போடுகிற வீட்டில் சோறு தங்காது என்று சொல்லிப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். நான் எடுத்து வைப்பேன், அவள் ஏற்றுவாள். கடைசியில் நான்தான் களைத்துப் போனேன். அவளுக்குத் தராசு மேல் அப்படி என்ன பகை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், எங்கள் பாடசாலையில் படித்த ஒருவர் மகளின் கல்யாணத்துக்குச் சொல்ல வீட்டுக்கு வந்தார். திகனயில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. இப்போது அங்கேயே மேட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸும் நடத்துகிறார். என்னை இன்றைக்கும் “சேர்” என்றுதான் கூப்பிடுவார். ஆசிரியர்களுக்கே கிடைக்காத மரியாதை, நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. இவள் கோப்பி கொடுத்தாள். அவர் குடித்தார். கிளாஸைக் கீழே வைக்காமலே பேசினார்.

“அக்கா, எங்கட கெஸ்ட் ஆக்கள் இந்த ஊர் கோப்பி வேணும்டு கேக்குறாங்க. காலைல மட்டும் வந்து நீங்க ஊத்தித் தந்தா என்ன? நான் கடையில வாங்குற பக்கட் கோப்பி ஊத்திக் குடுத்து வெக்கமா ஈக்குது.”

இவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை ஆரம்பம். விடிகிற நேரத்தில் எழுந்து, நல்ல சேலை கட்டி, தூள் பேணியையும் வடிதுணியையும் அந்த அலுமினியக் கரண்டியையும் பையில் போட்டாள். கண்டிக்குப் போய் அங்கிருந்து திகன பஸ். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நான் ஓய்வு பெறும் வரை, வேலைக்குக் கிளம்பும்போது அவள் வாசல் வரை வருவாள். அன்றைக்கு முறை மாறியது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தென்னக்கும்புறப் பாலம் தாண்டும்போது ஆற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. பை கனக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

முதல் நாள் எட்டுப் பேர். சின்ன வெள்ளைக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தாள். நான் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் சும்மா நிற்க முடியாமல் துணி எடுத்துப் பாத்திரம் துடைத்தேன். திரும்பி வந்த கோப்பைகளில் பாதிக்கு மேல் கோப்பி அப்படியே இருந்தது. வியாழக்கிழமையும் அதே கதை. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி குசினி வாசலுக்கே வந்து, கையால் தொண்டையைப் பிடித்துக்காட்டி, சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். கசப்பு என்று எங்களுக்கு விளங்கிவிட்டது.

வறுப்புப் பத்தவில்லை, பச்சைக் கசப்பு நிற்கிறது என்று இவள் தானே முடிவு செய்தாள். அன்று பின்னேரம் புதிதாக ஒரு சட்டி வறுத்தாள். கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்கும் வரை விடவில்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தூளைக் கொண்டுபோனாள். பயத்தில் கரண்டியையும் குறைத்தாள், ஆளுக்கு ஒன்று. சிட்டிகையும் இல்லை. அன்றைக்கு வந்தது கோப்பி அல்ல, கோப்பி கழுவிய தண்ணீர். எனக்கே வாயில் வைக்க முடியவில்லை.

கெஸ்ட் ஹவுஸ் வீட்டுக்காரர் எங்களை முன் விறாந்தைக்குக் கூப்பிட்டுக் கதிரை போட்டு உட்கார வைத்தார். அவருக்குச் சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் இருக்கவும் வழியில்லை.

“சேர், கோவிச்சுக்காதீங்க. அக்காட கோப்பி எனக்கு விருப்பம்தான். ஆனா ஒரு நாளைக்குக் கசக்குது, ஒரு நாளைக்கு ஒண்டுமே இல்ல. நாளைக்கு ஆக்கள் இல்ல, வர வேணாம். ஞாயித்துக்கிழம பன்னெண்டு பேர் வாறாங்க, ஒரு கிழம நிப்பாங்க. அண்டைக்கும் இப்படியே ஈந்தா நான் திரும்பப் பக்கட்டுக்குத்தான் போகணும் அக்கா.”

இவள் “சரிங்க தம்பி” என்றாள். திரும்பக் கண்டி பஸ் ஏறினோம். ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தாள், ஆனால் பாலம் வந்தபோது மடியில் இருந்த பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, சேலைகூட மாற்றாமல், அடுப்படியில் நின்றபடி கேட்டாள்.

“என் கை போயிருச்சாங்க?”

நான் எத்தனையோ முறை அவள் கையளவைக் கிண்டல் செய்தவன். அவளும் எனக்குத் திருப்பிக் கொடுப்பவள். ஆனால் அந்தக் கேள்வியை அவள் உண்மையாகவே கேட்டாள். அவளுக்குச் சொந்தமென்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அதை வைத்துத்தான் அவள் இந்த வீட்டுக்கு வந்தாள், அதை வைத்துத்தான் வெளியே ஒரு வேலைக்கும் கிளம்பினாள். ஞாயிறும் தவறினால் அவள் திரும்ப வெளியே போகமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை நான் கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து தராசை இறக்கினேன்.

“அத எதுக்கு எடுக்கிறீங்க? வைங்க அங்க!”

“உன் கை போகல. கரண்டிதான் பொய் சொல்லுது. அத நிறுத்துக் காட்டுறேன்.”

“எனக்கு வேணாங்க. தராசுன்னா எடுக்கிற சாமான். அது எதயும் குடுத்து நான் பார்க்கல.”

நான் ஆய்வுகூடக் குரலில் ஆரம்பித்தேன். தராசு எடுக்காது, கொடுக்காது, உள்ளதைச் சொல்லும் என்று ஒரு பாடமே நடத்தினேன். அவள் கையை உதறினாள். அப்போதுதான், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, அந்தக் கதையைச் சொன்னாள்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது, மழை நாள் என்றால் தண்ணீருக்கு என்று கழிப்பார்கள். எந்த நாளிலும் சாக்கின் எடைக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு நாள் நல்ல வெயில், கொழுந்தில் ஒரு சொட்டு ஈரமில்லை. அன்றைக்குப் பதினெட்டுக் கிலோ பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை. குறைந்தால் அரைப் பேர். கொக்கித் தராசில் அவள் சாக்கு பத்தொன்பது காட்டியது. அவளே கண்ணால் பார்த்தாள். சாக்குக்கு இரண்டு போகப் பதினேழு என்று எழுதிவிட்டார்கள். அரைப் பேர்.

“நல்லாப் பறிக்கிறவன்னு மலையில எனக்குப் பேரு. அன்னைக்கு எல்லாரும் நிக்கயில அரைப் பேருன்னு கூப்பிட்டாங்க. வீட்டுல அப்பா, வேலையில கண்ணில்ல, வாயாடிட்டு நின்னிருப்பன்னு ஏசினாரு. நானும், ஒரு கிலோ கொறச்சுத்தான் பறிச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னைக்கும் அத நெனச்சா ஒரு மாதிரியா இருக்கும்.”

அவளோடு இருபத்தெட்டு வருடம் ஒரே பாயில் படுத்தவன், சோறு நிறுக்கும் தராசை அவள் ஏன் அலுமாரி மேல் ஏற்றினாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. பாடத்தை நிறுத்தினேன். மேசையில் தராசை வைத்து, அதன் மேல் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தேன். நூற்றி எண்பது என்று காட்டியது. ஒரு பொத்தானை அழுத்தினேன். பூச்சியம் வந்தது.

“என்ன செஞ்சீங்க?”

“கிண்ணத்தக் கழிச்சிட்டேன்.”

கழிப்பு என்ற சொல் அவள் முகத்தில் சட்டென்று நிழல் போட்டது.

“எவ்வளவு கழிச்சீங்க?”

“நான் கழிக்கல. அதுவே கழிச்சுது. கிண்ணம் எவ்வளவோ அவ்வளவு.”

அவள் பக்கத்தில் வந்தாள். கிண்ணத்தைத் தூக்கினாள். கழித்தல் குறியோடு நூற்றி எண்பது காட்டியது. திரும்ப வைத்தாள், பூச்சியம். தூக்கினாள், நூற்றி எண்பது. நாலைந்து முறை செய்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டு ஒரு தட்டை வைத்துப் பொத்தானைத் தானே அழுத்தினாள். தட்டை எடுத்தாள். தட்டின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் கழித்திருந்தது, ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். நான் பேசாமல் நின்றேன். அது எனக்கு எவ்வளவு சிரமம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. பழைய தூளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் வழக்கமாகப் போடுவது போலவே கோப்பி போடச் சொன்னேன், அவள் அள்ளும் ஒவ்வொன்றையும் நிறுத்தேன். முதல் கரண்டி ஐந்து கிராம், அடுத்தது ஏழு, பிறகு ஆறு, ஆறு. மொத்தம் இருபத்துநாலு. “பார்த்தியா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி” என்று துள்ளினேன். சிட்டிகை போட்டாள், மூன்று கிராம். அடுத்த சிட்டிகை, அதுவும் மூன்று. ஆக முப்பது. எங்கள் இரண்டு கிளாஸும் பெரியவை, சேர்த்து அரை லீற்றர் பிடிக்கும். குடித்தோம். அவளுடைய அதே கோப்பிதான், ஒரு குறையும் இல்லை. இன்னொரு முறை போடச் சொன்னேன். இப்போது நாலு கரண்டியும் வேறு வேறு எடை, கூட்டினால் திரும்ப இருபத்துநாலு. சிட்டிகைகள் மூன்று, மூன்று. நான் துள்ளுவதை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு வெள்ளிக்கிழமைத் தூளை எடுத்து அதே கரண்டியால் பத்து அள்ளச் சொன்னேன். நாற்பத்தாறு கிராம். பழைய தூள் என்றால் பத்துக் கரண்டி அறுபது வந்திருக்கும். கூடுதலாக வறுத்தால் கொட்டை பொரிந்து உப்பிவிடும். கரண்டியில் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. கரண்டிக்கு அது தெரியாது. தண்ணீரை அளக்கலாம், தூளை நிறுக்கத்தான் வேண்டும்.

கசப்புக்குக் காரணம் இன்னும் மிச்சம் இருந்தது. அதுவும் என்னிடம்தான் கிடைத்தது. வியாழக்கிழமை அங்கே பாத்திரம் துடைத்தபோது, பழக்க தோஷத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்திருந்தேன். ஆறில் ஒரு பங்கு லீற்றர்தான் பிடித்தது. எங்கள் வீட்டுக் கிளாஸ் கால் லீற்றர். இவளோ தண்ணீரை அந்தச் சின்னக் கோப்பையால் அளந்துவிட்டு, தூளை மட்டும் வழக்கம் போல ஆள் கணக்கில், ஆளுக்கு இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை என்று போட்டிருக்கிறாள். தலைகளை எண்ணினாள், தண்ணீரைப் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு ஒன்றரைப் பங்கு மரியாதை கிடைத்துவிட்டது.

“அப்ப ஒரு லீற்றருக்கு அறுபது” என்றேன். “நாளைக்குப் பன்னெண்டு கோப்ப. ரெண்டு லீற்றர். நூத்தி இருபது கிராம் நிறுத்துப் போட்டா முடிஞ்சிது.”

அவள் பழைய பதத்திலேயே ஒரு சட்டி வறுத்து அரைத்து வந்து, கிண்ணத்தில் தூளைக் கொட்டி நிறுத்துப் பழகினாள். நூற்றி இருபது வந்தது. நான் பெருமூச்சு விடுவதற்குள் அவள் கை பேணிக்குள் போய் ஒரு சிட்டிகை எடுத்து மேலே போட்டது. நூற்றி இருபத்துமூன்று. கை திரும்பவும் போனது.

“நிறுத்து! என்ன செய்றே?”

“ஆளுக்கு ஒண்ணு வைக்க வேணாமா?”

“வேணாம்! அதுதான் நிறுத்தாச்சே!”

“பன்னெண்டு பேரு கடல் தாண்டி வாறாங்க. வந்தவங்களுக்கு மேலுக்கு ஒண்ணு வைக்காம எப்படிங்க நான் கோப்பி ஊத்துவேன்? அதுக்கு அவரு பக்கட்டே குடுக்கலாமே.”

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமான சங்கதிதான் என்று போய்விட்டாள். நான் முன்னறைக்குப் போய் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து வாசலில் நின்றாள்.

“பன்னெண்டு மூணு எவ்வளவுங்க?”

“முப்பத்தாறு.”

“நூத்தி இருபதுல முப்பத்தாறு போனா?”

“எண்பத்துநாலு.”

“அப்ப எண்பத்துநாலு நிறுத்துக்குவோம். மிச்சம் நான் வச்சுக்கிறேன்.”

அவ்வளவுதான். இரசாயனம் படித்த பிள்ளைகளை வருடக் கணக்காகப் பார்த்தவன், இப்படி ஒரு விடையை நான் பார்த்ததில்லை. எழுந்து போய் அவளுக்காகப் பற்றரியைத் துடைத்துப் போட்டுக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பதில் எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

ஞாயிறு காலை திகனயில் குளிர் கொஞ்சம் கூட. பன்னிரண்டு பேரும் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் குசினிக்குள் வராமல், போகவும் மாட்டாமல், வாசலில் நின்றார். நான் அளவுக் குவளையால் இரண்டு லீற்றர் தண்ணீர் அளந்து அடுப்பில் வைத்தேன். இவள் தராசை வைத்தாள், கிண்ணத்தை வைத்தாள், பொத்தானை அழுத்திப் பூச்சியம் வந்ததைப் பார்த்தாள். எண்பத்துநாலு வரும் வரை தூளைக் கொட்டினாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, வாசல் வழியாக விறாந்தையை எட்டிப் பார்த்தாள். அங்கே முதலில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு ஒரு சிட்டிகை. எண்பத்தேழு. அடுத்த ஆளைப் பார்த்தாள், அடுத்த சிட்டிகை. தொண்ணூறு. தொண்ணூற்றுமூன்று. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், அந்தக் கண்ணாடிப் பெட்டித் தராசுக்கு முன்னால் நிற்பது போல. பன்னிரண்டாவது ஆளுக்குப் போட்டு முடித்தபோது நூற்றி இருபத்தொன்று காட்டியது.

அந்த ஒரு கிராமைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கோப்பைகள் திரும்பி வந்தன. பன்னிரண்டும் காலி. அடியில் மண்டி மட்டும் கொஞ்சம். ஒருவர் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு குசினிக்கு வந்து நீட்டினார், இன்னும் இருக்கிறதா என்று. வீட்டுக்காரர் இவளைப் பார்த்துச் சிரித்தார்.

“நாளைக்கும் இந்த நேரத்துக்கே வந்திருங்க அக்கா. சேரயும் கூட்டிக்கிட்டு வாங்க, கோப்ப துடைக்க ஆள் வேணும்.”

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தாள். நான் பை கனக்கவில்லை என்று சொன்னேன். அவளுக்கு விளங்கியது.

வீட்டுக்கு வந்து நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனபோது, அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய சாக்கை இறக்கி, மிச்சம் இருந்த கோப்பிக்கொட்டையைச் சுளகில் கொட்டிக்கொண்டிருந்தாள். இரட்டை உரச் சாக்கு, ஓரம் மடித்துத் தைத்தது, நெற்றியில் மாட்டப் பட்டை வைத்துக் கயிறு கோத்தது. கல்யாணமாகி வந்த அன்று பாத்திரங்களை அதில்தான் போட்டுக்கொண்டு வந்தாள். அது அவளுடைய கொழுந்துச் சாக்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் வருடக் கணக்காகக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பொருளை யார் பார்க்கிறார்கள்?

சாக்கைத் திருப்பி உதறினாள். மடித்தாள். கயிற்றையும் பட்டையையும் விடாமல் மேலே சுற்றி வைத்தாள். பையிலிருந்து தராசை எடுத்து மேசையில் வைத்து, பூச்சியம் வரும் வரை காத்திருந்து, அதன் மேல் சாக்கை வைத்தாள்.

நானூற்றிப் பத்து.

எடுத்தாள், திரும்ப வைத்தாள். நானூற்றிப் பத்து.

“கிலோவுல எவ்வளவுங்க?”

“அரைக் கிலோகூட இல்ல” என்றேன்.

அவள் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். எனக்குத்தான் கோபம் வந்தது, அன்றைக்குக் கொழுந்து நிறுத்தவன் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவள் கோபப்படவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பத்தொன்பதில் அரை போனால் பதினெட்டரை. இன்னொரு முறையும் மடக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பத்தொன்பது வயதில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

“அன்னைக்கு எனக்கு முழுப் பேருங்க” என்றாள்.

“ஆமா” என்றேன். “முழுப் பேருதான்.”

அவள் சாக்கை எடுத்து உதறி, கொட்டையைத் திரும்ப அதிலேயே போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். பிறகு தண்ணீர் வைத்தாள், இரண்டு பேருக்கு. தராசை யாரும் அலுமாரி மேல் ஏற்றவில்லை. அது அடுப்புக்குப் பக்கத்தில், அந்த வளைந்த கரண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.